பொலிஸ் புத்தகம் கணினிக்குப் போனால், தமிழ்ப் பெயரைத் தேடி எடுக்க முடியுமா?

படுவான்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடத்துக்கு முன்னர், வேளாண்மை வெட்டு நேரம், எனது மோட்டார் சைக்கிள் களவு போனது. அன்றைக்கே பொலிஸில் என்ட்ரி போட்டேன். பக்கமும் பந்தியும் எழுதித் தந்த துண்டு 2024 நவம்பர் வெள்ளத்தில் ஊறிப் போனது. போன கிழமை பிரதி எடுக்கப் போனால், திகதி கேட்கிறார்கள். மாதம் மட்டும்தான் ஞாபகம்.

அந்தப் பொலிஸ்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஓரம் கறுத்த பெரிய புத்தகங்களை எடுத்து, விரலை நனைத்து நனைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இரண்டரை மணித்தியாலம். கடைசியில், எதிரே நின்ற நான்தான் தலைகீழாகப் பார்த்தே மோட்டார் சைக்கிள் இலக்கத்தைக் கண்டேன். அந்தப் பக்கத்தை அவர் இரண்டு தரம் தாண்டியிருந்தார். தங்கராசா என்ற எனது பெயர் அங்கே 'தன்கராஜா' என்று கிடந்தது.

எல்லாம் கணினிமயம் ஆகப்போகிறது என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பிழையாக எழுதிய பெயர் கணினியிலும் பிழையாகத்தானே கிடக்கும்? எங்கள் பக்கத்துச் சனம் இப்போதே எதைக் கேட்க வேண்டும்?

ஓய்வுபெற்றவன், அம்பாறை:
தம்பி, பாரதூரமான குற்றத்துக்கு ஒரு புத்தகம், சிறு குற்றத்துக்கு இன்னொன்று, பெண்கள், சிறுவர் முறைப்பாட்டுக்கு வேறொன்று. திகதி இல்லாவிட்டால் எந்தப் புத்தகம் என்பதே குழப்பம்தான். 27 வருடம் நானும் அப்படித்தான் புரட்டினேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109 ஆம் பிரிவு. வாய்மொழியாகச் சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். தமிழ் எழுதத் தெரிந்தவர் ஆசனத்தில் இல்லாவிட்டால், நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கணினித் திரையும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

கல்முனை மென்பொருள்:
பெரிய ஆபத்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. திரையில் 'அம்மா' என்று தெரியும். கோப்புக்குள் கிடப்பதோ நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். அதை எப்படித் தேடுவது? தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோட் முறை கட்டாயம். இலங்கைக்கென்று எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்த் தரமே இருக்கிறது.

அப்புறம், பெயரை மட்டும் நம்பவே கூடாது. அடையாள அட்டை இலக்கம்தான் பிடிமானம். 9 இலக்கமும் 'வி' எழுத்தும் உள்ள பழைய அட்டையையும், 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையையும் ஒரே ஆளாகக் கணினி அறிய வேண்டும். கஷ்டமில்லை: முன்னால் 19, நடுவில் பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியம். உங்கள் வாகன இலக்கத்துக்கும் தனித் தேடல் இருந்திருந்தால் அரை நிமிட வேலை.

சட்ட மாணவி, ஆரையம்பதி:
இங்கிலாந்தில் பீட்டர் சட்கிளிஃப் என்ற தொடர் கொலைகாரனைப் பொலிஸார் 9 தரம் விசாரித்தும் விட்டுவிட்டார்கள். விசாரணைக் குறிப்பு எழுதிய கார்ட்கள் மலையாகக் குவிந்து, ஒன்றை ஒன்றோடு பொருத்த முடியவில்லை. 1981 இல் அவன் பிடிபட்ட பிறகுதான் ஹோம்ஸ் என்ற கணினி முறை வந்தது. ஆகவே தேடல் சின்ன விஷயமில்லை, உயிர் விஷயம்.

ஆனால் யார் எந்த முறைப்பாட்டைத் திறந்து பார்த்தார் என்பதும் பதிய வேண்டும். கணவன் அடித்ததாக ஒரு பெண் சொன்னது ஊருக்குள் கசியக் கூடாது.

படுவான்கரை:
அதை நான் யோசிக்கவில்லை, தங்கச்சி. அன்றைக்கு எனக்கு முன்னால் விரிந்து கிடந்த பக்கங்களில் மற்றவர்களின் கதையும் இருந்தது. அடுத்த மாதம் பொலிஸாரோடு ஊர்க் கூட்டம் இருக்கிறது. சொன்ன மொழியில் பதிவு, யூனிகோட், இலக்கத்தால் தேடல், திறந்து பார்த்தவரின் பதிவு: இந்த நான்கையும் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கப் போகிறேன். ஓய்வுபெற்ற ஐயா, யாருக்கு முகவரியிட வேண்டும், பொறுப்பதிகாரிக்கா, அத்தியட்சகருக்கா?