ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்குப் போடலாமா? ‘கிளீன் ஆல்’ வேறு நேற்றிலிருந்து நகரவே இல்லை, உதவி தேவை

மந்தைவெளி_கணக்கன்:
மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஒருநாள் பிரின்டரில் சிக்கின பேப்பரை எடுத்துக் கொடுத்தேன், அன்றிலிருந்து ஐ.டி. டிபார்ட்மென்ட் நான்தான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்ததும் சார் எல்லா மெஷினையும் மாற்றிவிட்டார். பழையது 11 டெஸ்க்டாப், 3 லேப்டாப், டேட்டா வைத்திருந்த ஒரு பெரிய மெஷின், கூடவே யூபிஎஸ், பேட்டரி, ஒயர் மூட்டை எல்லாம் பின் ரூமில் கிடக்கிறது. மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்கிறார். தெருமுனைக் காயலான் கடைக்காரர் வந்து பார்த்து மொத்தமாக ஒரு ரேட் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், சாருக்கும் அது சரி என்றுதான் படுகிறது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பது கிளையன்ட்களின் பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட்.

சரி, அழித்துவிட்டுக் கொடுப்போம் என்று பெரிய டிஸ்கிலிருந்து ஆரம்பித்தேன். 2 டிபி. கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் டூலில், டிஸ்கை முழுதாக அழிக்கும் ‘கிளீன் ஆல்’ கட்டளையைக் கொடுத்தது நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு. இன்று காலை எட்டரைக்கு வந்து பார்த்தால் அதே கறுப்புத் திரை, கர்சர் மட்டும் மின்னுகிறது. ஹேங் ஆகிவிட்டதா? பிடுங்கிவிடலாமா?

ரிச்சி_சுற்றி:
பிடுங்காதீங்க பாஸ். ‘கிளீன் ஆல்’ எவ்வளவு முடிந்தது என்று எதையும் காட்டாது, முடிந்த பிறகுதான் வாய் திறக்கும். டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்கைப் பாருங்கள், எழுதும் வேகம் ஓடிக்கொண்டிருந்தால் உயிரோடு இருக்கிறது. கேபிளை எந்த போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள், உள்ளே நீலமா கறுப்பா?

மந்தைவெளி_கணக்கன்:
கறுப்பு. டாஸ்க் மேனேஜரில் விநாடிக்கு 30 எம்பி பக்கம் காட்டுகிறது.

ரிச்சி_சுற்றி:
அவ்வளவுதான் விஷயம். அது யூஎஸ்பி 2.0, அதில் 30க்கு மேல் பெரிதாக ஏறாது. 2 டிபியை அந்த வேகத்தில் பூஜ்யத்தால் நிரப்ப பதினெட்டரை மணி நேரம் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு முடியும். மற்ற டிஸ்க்குகளை யூஎஸ்பியில் போடாமல் ஒரு டெஸ்க்டாப்பின் உள்ளேயே சாட்டா கேபிளில் மாட்டுங்கள், 500 ஜிபி டிஸ்க் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று. வெறும் ‘கிளீன்’ வேறு, ‘கிளீன் ஆல்’ வேறு. முதலாவது பார்ட்டிஷன் விவரத்தை மட்டும் எடுக்கும், ஃபைல்கள் அங்கேயே கிடக்கும். குவிக் ஃபார்மட்டும் அதே கதைதான், புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு புத்தகத்தையே அழித்தோம் என்று நினைப்பது மாதிரி. ரிச்சி தெருவில் ஒரு செகண்ட்ஹேண்ட் டிஸ்க் வாங்கினேன், ‘ஃபார்மட் பண்ணது சார்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சும்மா இருக்கட்டும் என்று இலவச ரெக்கவரி சாஃப்ட்வேர் ஒன்றை ஓடவிட்டேன். ஏதோ ஒரு ஸ்கேன் சென்டரின் ரிப்போர்ட் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது, பேர், வயசு, போன் நம்பரோடு. அன்றைக்கே முழுதாக அழித்தேன். அது எனக்குப் பதிலாக வேறு யார் கைக்காவது போயிருந்தால்?

பழைய_டெக்னீஷியன்:
தம்பி, ‘கிளீன் ஆல்’ கொடுப்பதற்கு முன் ‘லிஸ்ட் டிஸ்க்’ போட்டு சைஸை இரண்டு தடவை பார். என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் டிஸ்க் 1 என்பதற்குப் பதில் 0 என்று அடித்தான். போனது கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்த மெஷின், அதுவும் இருபதாம் தேதி, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் கட்ட வேண்டிய நாள். அதனால் அழிக்கும் மெஷினில் வேலை டிஸ்க் எதுவுமே இருக்கக்கூடாது, பென் டிரைவில் பூட் பண்ணு.

ஏழு தடவை அழிக்கணும், முப்பத்தைந்து தடவை அழிக்கணும் என்று சொல்வார்கள், காதில் வாங்காதே. இப்போதுள்ள ஹார்டு டிஸ்குக்கு ஒரு தடவை முழுதாக எழுதினால் போதும், அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2014-ல் திருத்தி வெளியிட்ட 800-88 வழிகாட்டியும் அதைத்தான் சொன்னது. ஆனால் லேப்டாப்பில் சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி இருந்தால் இந்த வழி வேண்டாம். எஸ்எஸ்டி தன் செல்கள் சீராகத் தேயட்டும் என்று எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், நாம் பூஜ்யம் எழுதினாலும் உள்ளே ஒதுக்கி வைத்த இடத்தில் பழையது தங்கலாம். அதற்கு பயாஸிலோ (மெஷினைப் போட்டதும் விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ்), எஸ்எஸ்டி கம்பெனியின் டூலிலோ ‘செக்யூர் இரேஸ்’ இருக்கும், அதைக் கொடு. யூஎஸ்பி கேஸ் வழியாகப் பல சமயம் அந்தக் கட்டளை போய்ச் சேராது, நேராக மாட்டித்தான் செய்யணும்.

மந்தைவெளி_கணக்கன்:
நன்றி அண்ணா. ஒரு டெஸ்க்டாப் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது, பயாஸிலேயே தெரியவில்லை. அதை என்ன செய்வது? ஸ்பீக்கர் காந்தத்தை மேலே தேய்த்தால் போய்விடும் என்கிறார் எங்கள் ஆபீஸ் பாய்.

பழைய_டெக்னீஷியன்:
போகாது. அந்த டிஸ்க் உள்ளேயே அதைவிடப் பலமான காந்தம் இரண்டு இருக்கிறது, அதுவே பத்து வருஷமாக எதையும் அழிக்கவில்லை! டி8 நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொள். மூடியில் சுற்றிவர ஸ்க்ரூ இருக்கும், எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் ஸ்டிக்கர் மேல் விரலை வைத்துத் தடவு, ஓர் இடத்தில் பள்ளமாக அமுங்கும், அதன் அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டை எடுத்து வளைத்து, இரண்டு மூன்று இடத்தில் டிரில் போட்டுவிடு. லேப்டாப் டிஸ்க் என்றால் ஜாக்கிரதை, அதில் பல சமயம் தட்டே நிஜக் கண்ணாடி, பொடிப்பொடியாகச் சிதறும். துணியில் சுற்றிக்கொள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்.

அம்பத்தூர்_அக்கா:
நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் இந்தக் கழிவுக் கணக்கைத்தான் பார்க்கிறேன். டிஸ்கைப் பற்றி மேலே எல்லாம் சொல்லிவிட்டார்கள், மீதி பெட்டிகள் எங்கே போகின்றன என்பதையும் பாருங்க தம்பி. ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் போர்டை ஆசிட்டில் போட்டுத் தங்கம் எடுப்பதும் யாராவது ஒருத்தர் வீட்டு வாசலில்தான் நடக்கிறது, அந்தப் புகையும் ஈயமும் அங்கே இருக்கும் குழந்தைகளுக்கு.

2022-ல் வந்த மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. ஒரு நிதியாண்டில் ஏதாவது ஒரு சமயம் குறைந்தது 1000 சாதனமாவது பயன்படுத்திய இடம்தான் அதில் ‘பெரும் நுகர்வோர்’, அவர்கள் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்கணும். நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். வராவிட்டாலும் பதிவு பெற்ற ரீசைக்கிளரிடமே கொடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்கழிவுத் தளத்தில் அவர்கள் பேர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், அவர்கள் கொண்டு வரும் லெட்டர்பேடை நம்பாதீர்கள். 2016 விதிப்படி வாங்கிய பழைய பேப்பரைக் காட்டி ‘டிஸ்மான்ட்லர் லைசென்ஸ் இருக்கு மேடம்’ என்று என்னிடமே ஒருத்தர் வந்தார். சாமானைப் பிரித்தெடுப்பவர்தான் டிஸ்மான்ட்லர், புது விதியில் அப்படித் தனியாக ஒரு பதிவே கிடையாது.

வண்டி வருவதற்கு முன் ஒரு தாளில் ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரையும் எழுதி, பக்கத்தில் எப்படி அழித்தோம் என்று குறித்து, சாரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ரீசைக்கிளர் தரும் சர்டிஃபிகேட்டிலும் அதே நம்பர்கள் இருக்கணும். ‘கம்ப்யூட்டர் 15, 140 கிலோ’ என்று எழுதியிருந்தால் அது சர்டிஃபிகேட் இல்லை, எடை சீட்டு. சார் யோசித்தால் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள், தகவலைக் காக்க ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று எழுதியிருக்கிறது.

யூபிஎஸ் பேட்டரியை இதோடு சேர்க்காதீங்க. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள்.

மந்தைவெளி_கணக்கன்:
அக்கா, ஒரு லேப்டாப்பில் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூடினால் முழுசாக மூடவில்லை. அதையும் மூட்டையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அம்பத்தூர்_அக்கா:
உடனே வெளியே எடுங்க! பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்க வேண்டாம், குத்த வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். தனியாக ஒரு பழைய தகர டப்பாவில் மணலோடு வைத்து, பேப்பர் கட்டு எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள், வண்டி வரும்போது முதலிலேயே சொல்லிக் காட்டிக் கொடுங்கள்.

சிஏ_ஃபைனல்_மூணாவது_தடவை:
எல்லாரும் அழிக்கவே சொல்கிறீர்கள், அழிக்கலாமா என்று யாராவது கேட்டீர்களா? கம்பெனி கணக்குப் புத்தகம் 8 நிதியாண்டு இருக்கணும், ஜிஎஸ்டி ரெக்கார்டு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். பேக்கப் எடுத்தால் போதாது, புது மெஷினில் போட்டு ஓப்பன் ஆகிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். டாலி லைசென்ஸைப் பழைய மெஷினில் சரண்டர் பண்ணிவிட்டீர்களா?

மந்தைவெளி_கணக்கன்:
டாலி சரண்டர் போன வாரமே ஆயிற்று. பேக்கப் திறந்து பார்த்தோம், ஒரு கிளையன்டின் 2019-20 ஃபோல்டர் மட்டும் வரவில்லை, நல்ல வேளை அது இருந்த டிஸ்க் இன்னும் அழிக்கவில்லை, மறுபடி காப்பி எடுத்துவிட்டேன்.

2 டிபி மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்தது. மற்றதை உள்ளே மாட்டிப் போட்டேன், மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. ஒரு டெஸ்க்டாப்பைத் திறந்தால் உள்ளே இரண்டு டிஸ்க், இரண்டாவது இருப்பது யாருக்கும் தெரியாது. சார் சீரியல் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டுக் காயலான் கடைக்காரரிடம் மேஜை நாற்காலியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பதிவு பெற்ற ரீசைக்கிளர் சனிக்கிழமை வருகிறார், காசு பாதிகூட வராது, பரவாயில்லை. 16 டிஸ்க், எல்லாம் கணக்கில் வந்துவிட்டது.

ரிச்சி_சுற்றி:
வாடகை ஜெராக்ஸ் மெஷின் ஏதாவது திரும்பப் போகிறதா? பெரிய மாடல்களில் உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கும். எடுத்த ஒவ்வொரு ஆதார் காப்பியும் அதில் தங்கலாம்.

மந்தைவெளி_கணக்கன்:
ஐயோ. அது நேற்றே போய்விட்டது. போன் பண்ணிவிட்டு வருகிறேன்.