ஆட்டு ஈரல் மைட்டோகாண்ட்ரியா: ஏ.டி.பி. (ADP) சேர்த்தாலும் வேகம் கூடவில்லை

கேள்வி:
கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன், எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். காலையில் கறிக்கடையில் ஈரல் வாங்கி, பாலிதீன் பையில் முக்கால் மணி நேர பஸ் பயணம். அப்புறம் சுக்ரோஸ் கரைசலில் அரைத்து, சென்ட்ரிபியூஜில் மைட்டோகாண்ட்ரியாவை (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) பிரித்தேன். எரிபொருளாகச் சக்சினேட் கொடுத்தால் ஆக்சிஜன் குறைகிறது. ஏ.டி.பி. (ADP, ATP தயாரிக்க வேண்டிய மூலப்பொருள்) சேர்த்தாலும் அதே வேகம்தான். சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் நொதி மட்டும் நன்றாக வேலை செய்கிறது. மூன்று வாரமாக இதே கதை, மனசு விட்டுப்போகிறது.

பதில் 1:
தம்பி, நொதி பிழைத்திருப்பது வேறு, மைட்டோகாண்ட்ரியா முழுசாக இருப்பது வேறு. உள்சவ்வு கிழிந்தாலும் அந்த நொதி ஓடும். ஆனால் புரோட்டான் கசிந்துவிடுவதால் ஏ.டி.பி. வந்தாலும் வராவிட்டாலும் ஒரே வேகம். 1955-ல் சான்ஸ், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்த மூன்றாம் நிலை (ஏ.டி.பி. இருக்கும்போது), நான்காம் நிலை (அது தீர்ந்தபின்) ஆகியவற்றின் வேக விகிதம் உங்களுக்கு 1-ஐ ஒட்டித்தான் நிற்கும். எனக்கு அந்த பஸ் மேல்தான் சந்தேகம். சூடு ஆறாத ஈரலில் ஆக்சிஜன் தீர்ந்ததும் கால்சியம் ஏறும், கொழுப்பு அமிலங்கள் விடுபடும், இரண்டுமே சவ்வைக் கெடுக்கும். குளிர்ந்த 0.25 மோலார் சுக்ரோஸைக் கடைக்கே கொண்டுபோங்கள். அதில் கால்சியத்தைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் இ.ஜி.டி.ஏ. (EGTA), கொழுப்பு அமிலங்களைப் பிடித்துவைக்கக் கொழுப்பு நீக்கிய ஆல்புமின் புரதம் சேருங்கள்.

பதில் 2:
ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைந்து உருகினால் சவ்வு போச்சு. ரோட்டினோன் (சுவாசச் சங்கிலியின் முதல் கட்டத்தை அடைக்கும் பொருள்) சேர்த்தீர்களா?

கேட்டவர்:
சேர்த்தேன் அண்ணா. அக்கா, இன்று மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, கடையிலேயே ஈரலைக் கரைசலில் போட்டேன். விகிதம் 3.4!