ஆர்.சி. புக்கில் இல்லாத ஓனர்

தக்கலைக்காரன்:
குலசேகரத்தில் ஒரு ரப்பர் வியாபாரி வீட்டுக் கொட்டகையில் கிடந்த 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். நாலு கதவு வண்டி. (சீமையில் ட்ரையம்ப் கம்பெனி போட்ட ஹெரால்டு சலூனுக்கு ரெண்டே கதவு. நாலு கதவு நம்ம ஊருக்குன்னே செஞ்சது.) மட்கார்டோட சேர்ந்து பானட் முழுசும் முன்னால கவிழும், டயர் மேலே உக்காந்தே எஞ்சின் வேலை பாக்கலாம். ஜாக்கி போட்டுத் தூக்கினா பின்சக்கரம் ரெண்டும் உள்பக்கமா மடங்கும், முதல்ல பாத்தவனுக்கு ஆக்சில் ஒடிஞ்ச மாதிரி இருக்கும்.

ஆர்.சி. புக்கில் மூணு பேர்: தக்கலை டாக்டர், அழகியமண்டபத்து வாத்தியார், அப்புறம் இந்த வியாபாரி. மூணு ஊருக்கும் கடல் உப்புக்காத்து அவ்வளவா வராது. ஆனா போல்ட் கழற்றி பாடியைச் சேஸிலிருந்து தூக்கினா, டிக்கிக்கு அடியில துருவோ துரு. நடுவுல ஒரு தகடு ஒட்டு.

வடசேரியில ஒரு பழைய வெல்டிங் அண்ணாச்சிகிட்ட காட்டினேன். கையால தடவிப் பாத்துட்டு, “இது எனக்க கை வேலையாக்கும் மக்கா. தார் டிரம் தகடு” என்றார். குளச்சல்ல வள்ளம் வச்சிருந்த ஒருத்தர் நாலு வருஷம் ஓட்டினாராம், பேர் மாத்தாமலே. டிக்கி நிறைய மீனும் ஐஸும். பிறகு துரு பிடிக்காம?

நாகர்கோவில் வாசகி:
அண்ணா, 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021 விதிப்படி விஏ (விண்டேஜ்) வரிசை நம்பர் உண்டு. புதுசா எடுக்க 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். எஞ்சின், சேஸ், பாடி பெரிசா மாறியிருக்கக் கூடாது. எஞ்சின் பழசுதானா?

தக்கலைக்காரன்:
அதே 948 சிசிதான் தங்கச்சி, நம்பரும் ஒத்துப்போகுது. ஆனா அதுல எடுத்தா தினசரி ஓட்ட முடியாதே. எனக்கு மார்த்தாண்டம் சந்தைக்குப் போகணும்.

வில்லுக்குறி பையன்:
தக்கலை டாக்டர் வண்டியா! எங்க பாட்டாவுக்கு ஊசி போட வரும். சத்தம் கேட்டாலே நாங்க கட்டிலுக்கடியில. அப்போ நீலம்.

தக்கலைக்காரன்:
சுரண்டினப்போ அடியில நீலம் இருந்துச்சு தம்பி. அதுக்கு மேலே பச்சை, அப்புறம் வெள்ளை. ஆர்.சி.யில பச்சையே இல்லை. ஞாயித்துக்கிழமை அண்ணாச்சிகிட்ட கேக்கணும்.