முயல் பேசட்டும், தேனீக்கு ஏன் நான்கு கால்?

தும்பி:
நேற்று மகளுக்கு ஒரு தேனீக் கதை வாசித்தேன். தேன் எடுக்கப் போவது மீசை வைத்த அண்ணன் தேனீ. கையில் வாளி, மொத்தம் நான்கே கால். நிஜத்தில் வேலைக்காரத் தேனீக்கள் எல்லாமே பெண். மகரந்தத்தைப் பின்னங்கால்களில் உருண்டையாக அப்பிக்கொண்டு வரும், பூவின் மதுவை வயிற்றில் அதற்கென்றே உள்ள பையில் நிரப்பிக்கொள்ளும். வாளியைவிட இது சுவாரசியம் இல்லையா? விலங்குகள் பேசும் புத்தகமே சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

அணில்வால்:
மீசையால் என்ன கெட்டுவிட்டது? காக்காய் நரிக் கதை கேட்டு வளர்ந்த யாரும் காக்காயிடம் பாட்டுக் கேட்டுப் போய் நிற்கவில்லையே. முதலில் தேனீமேல் பிரியம் வரட்டும், கால் கணக்கு அப்புறம்.

தும்பி:
அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் நிற்கிற படம் எத்தனை புத்தகத்தில்! பனிக்கரடி இருப்பது ஆர்க்டிக்கில். அங்கே பென்குவினே கிடையாது. வளர்ந்த பிறகும் பலருக்கு இது தெரியாது.

நூலகப்பூனை:
தும்பி, படம் போட்டவர் செய்த தப்புக்குக் கதையைப் பிடித்து அடிக்கிறீர்கள். 1902இல் வந்த ஆங்கிலப் படக்கதையில் பீட்டர் முயல் நீலச் சட்டை போட்டிருக்கும். ஆனால் எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் முயல் வளர்த்தவர். காளான் வித்துகள் முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897இல் லண்டன் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் அமைப்பின் முன் வைக்கப்பட்டது. கதையில் செருப்புகள் தொலைந்ததும் பீட்டர் நான்கு காலில் ஓடி வேகம் பிடிக்கும். அங்கே அது அசல் முயல்தான்.

தும்பி:
சரி, பாட்டரை விட்டுவிடுகிறேன். எல்லோரும் பாட்டர் இல்லையே.

அணில்வால்:
தகவல் புத்தகங்கள் மட்டும் ஒழுங்கா? "யானை தாவர உண்ணி. அதற்குத் துதிக்கை உண்டு." இதைக் கேட்டு எந்தப் பிள்ளை 'இன்னொரு தடவை' என்றது?

தும்பி:
என் மகள் சொன்னாள், ஆந்தைப் புத்தகத்துக்கு. ஆந்தைக்கு மெல்லத் தெரியாது. எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். உருண்டையைப் பிரித்துக் காட்டும் படத்தில் நகக்கண் அளவு தாடை, பல்லோடு. அந்தப் பக்கம் மட்டும் ஐந்து தடவை.

அணில்வால்:
அது தகவலா? துப்பறியும் கதை!

தும்பி:
இருக்கட்டுமே. ஆந்தை ஒரு வார்த்தை பேசவில்லை.