சிறிய ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்குமா?

பல்லடத்துக்காரர்:
75 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து 75 வாட்ஸ் தாங்கும் கார் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டால் ஸ்பீக்கர் எரிந்துவிடும், ஆகவே 150 வாட்ஸ் ஆம்ப் வாங்குங்கள் என்று ஈரோட்டு அண்ணா நேற்று ஒருவருக்கு யோசனை சொல்லியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஆற்றல் குறைந்து எந்த ஸ்பீக்கரும் எரிவதில்லை. மெதுவாகப் பாட்டு கேட்கும்போது ஸ்பீக்கருக்கு ஒரு வாட்ஸ் கூடப் போவதில்லையே, அண்ணா சொல்வது சரியென்றால் காந்திபுரம் சிக்னலில் நிற்கும் காரெல்லாம் புகைய வேண்டும்.

ஈரோட்டுக்காரர்:
தம்பி, 22 ஆண்டுகளாகக் கார்க் கதவைப் பிரித்து வயர் இழுப்பவன் நான். போன மாதம் பெருந்துறையிலிருந்து வந்த காரில், கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர் இரண்டும் போயிருந்தன. அதிலிருந்தது 50 வாட்ஸ் ஆம்ப்தான். சிறிய ஆம்பை முழுக்கத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கிளிப்பிங் ஆகிறது. சிறிய ஆம்ப்தான் எரித்தது.

பல்லடத்துக்காரர்:
நீங்கள் சொன்னதே எனக்குச் சாட்சி. 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் தரும் ஆம்பின் அலை உச்சியில் 20 வோல்ட் இருக்கும். அதை மேலும் மேலும் திருகி அலை சதுரமாகிவிட்டால், அதே 20 வோல்ட் விடாமல் நின்று 100 வாட்ஸை நெருங்குகிறது. அதோடு, கிளிப்பிங் ஆகும் பாட்டில் ட்வீட்டருக்குப் போகும் பங்கும் ஏறிவிடுகிறது. அப்படியானால் அந்த ட்வீட்டரை எரித்தது குறைவா, மிகையா? ஆம்பின் மேல் அச்சிட்ட எண், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றான காயிலைச் சுடுவதில்லை. காயிலுக்குள் போய்ச் சேர்ந்த வாட்ஸ்தான் சுடுகிறது.

பொள்ளாச்சிக்காரர்:
இருவரும் கெயினை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். அது சத்தம் கூட்டும் திருகு அல்ல, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் டெஸ்ட் டோன் என்ற சீரான சோதனை ஒலியைப் போட்டு, கெயினை மெல்லத் திருகி, ஆம்பின் வெளியீட்டில் வைத்த மல்டிமீட்டரில் 17.3 வோல்ட் வந்ததும் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் 150 வாட்ஸ் ஆம்பும் ஒன்றும் செய்யாது.

ஈரோட்டுக்காரர்:
மல்டிமீட்டர் பிடிக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மேலும், சென்ற தீபாவளிக்கு இதே பல்லடத்துத் தம்பி சிபாரிசு செய்த வயரை வாங்கி நான் ஏமாந்தேன். உரித்துப் பார்த்தால் மேலே செம்பு பூச்சு, உள்ளே முழுவதும் அலுமினியம். அந்த வயரில் வோல்ட் இறங்கினால் எந்த ஆம்பும் சீக்கிரமே கிளிப்பிங் ஆகும். அவர் எனக்கு ஆற்றல் பாடம் எடுக்கிறார்.

பல்லடத்துக்காரர்:
வயரில் என் தவறு உண்டென்று அன்றே சொல்லிப் பணத்தையும் கொடுத்தேன். அதை இங்கே இழுக்க வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: எரித்தது குறைவா, மிகையா? டேஷ்போர்டு ஸ்டீரியோவில் 50 வாட்ஸ், 4 சேனல் என்று அச்சிட்டிருப்பதை நம்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். 14.4 வோல்டில் 4 ஓமுக்கு வெட்டுப்படாத அலையாக 26 வாட்ஸுக்கு மேல் வர வழியில்லை. அந்த 50 என்பது சதுர அலையின் கணக்கு. சத்தம் போதவில்லை என்றாலும், 75 வாட்ஸை 150 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்குச் சற்றே கூடியதாகத் தெரியும், அவ்வளவுதான். அதற்காக ஒருவரை இரட்டிப்பு வாட்ஸ் வாங்கச் சொல்லி, கெயினைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஈரோட்டுக்காரர்:
கணக்கு காகிதத்தில் இருக்கட்டும். அந்த இரண்டு ட்வீட்டரும் இன்னும் என் மேசையில்தான் கிடக்கின்றன. பெரிய ஆம்ப் போட்ட கார் எதுவும் என்னிடம் எரிந்து திரும்பி வந்ததில்லை. சிறிய ஆம்ப்தான் எரித்தது.

பல்லடத்துக்காரர்:
அப்படியானால் அவற்றில் ஒன்றைப் பிரித்துக் காயிலின் படத்தைப் போடுங்கள். சுற்றின் அரக்குப் பூச்சு கருகி, மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது சூடு. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதுங்கள்.

ஈரோட்டுக்காரர்:
எழுதிவிட்டேனே. சிறிய ஆம்பிலிருந்து.