‘கட்’ என்ற ஆங்கில வினை ‘கத்தி’யிலிருந்து போனதா?

கயல்: ஆங்கில ‘கட்’ நம்ம ‘கத்தி’யிலிருந்து போனதுன்னு வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. அகராதியைப் புரட்டினால் ‘மூலம் உறுதியில்லை’ என்றிருக்கிறது. அப்படியானால் நம் சொல்லாகவும் இருக்கலாம்தானே? கூடவே ஒன்று: மொழிபெயர்ப்பில் எல்லா இடத்திலும் ‘வெட்டு’ என்று போட்டால் ஒட்டவில்லை. எப்படிப் பிரித்துக்கொள்வது?

செந்தில்வேல்: மூலம் உறுதியில்லை என்றால் எதுவும் பொருந்தும் என்று ஆகிவிடாதுங்க. பழைய ஆங்கிலத்தில் (ஏறக்குறைய 1100 வரை வழங்கியது) வெட்டுவதற்கு இருந்த சொற்களே வேறு. அவற்றில் இரண்டு இன்று செதுக்குவதற்கு ‘கார்வ்’, ஆட்டு மயிரைக் கத்தரிப்பதற்கு ‘ஷியர்’ என்று ஒதுங்கிக் கிடக்கின்றன. ‘கட்’ எழுத்தில் தலைகாட்டுவது 1300ஐ ஒட்டித்தான். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று கருத்துகள் உண்டு. எழுத்தில் பதிவாகாமல் போன பழைய ஆங்கிலச் சொல் என்பது ஒன்று. ஸ்வீடன், ஐஸ்லாந்து போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் மொழிகளிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. ஐஸ்லாந்து மொழியில் ‘குட்டி’ என்றால் சிறு கத்தி, ஸ்வீடன் வட்டார வழக்கில் ‘குட்டா’ என்றால் வெட்டுதல். பிரெஞ்சில் கத்தியைக் குறிக்கும் ‘கூத்தோ’ மூன்றாவது. இதுதான் இருப்பதிலேயே பலவீனமானது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில், கப்பல் வணிகத்தின் வழியே பதிவாகின்றன. 1300இல் இங்கிலாந்துக் கிராமத்தானுக்குத் தமிழ்ச் சொல் எந்த வழியாகப் போயிருக்கும்? வழியைக் காட்டாதவரை ஒலி ஒற்றுமை சான்றாகாது.

அறிவன்: பிரெஞ்சு ஏன் பலவீனம் என்பதை உயிரெழுத்தே காட்டிக்கொடுக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘குட்’, ‘கிட்’, ‘கெட்’ என மூன்று விதமாக எழுதப்பட்டது. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பான விக்ளிஃப் விவிலியத்தில் ‘கிட்’தான். பழைய ஆங்கிலத்தில் உதட்டைக் குவித்துச் சொன்ன ஓர் இகரம் இருந்தது. அது இங்கிலாந்தின் மேற்கே உகரமாகவும், கிழக்கு நடுப்பகுதியில் இகரமாகவும், தென்கிழக்கில் கென்ட் பக்கம் எகரமாகவும் பிரிந்தது. ‘பிஸி’யை யு போட்டு எழுதி இகரமாகச் சொல்வதும், புதைத்தலைக் குறிக்கும் ‘பெரி’யை யு போட்டு எழுதி எகரமாகச் சொல்வதும் அதன் மிச்சம்தான். பிரெஞ்சு ‘கூத்தோ’விலிருந்து வந்திருந்தால் இகரமும் எகரமும் வர வழியில்லை. ‘கட்’டும் அதே மாதிரி மூன்றாகப் பிரிந்திருப்பதால், பதிவாகாத பழைய சொல் என்ற கருத்துக்குத்தான் என் வாக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீளம் மாறிய குச்சிகளை உருவித் திருவுளம் பார்ப்பதற்கும் அன்று ‘கட்’ என்றே பெயர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் பயணிகள் அப்படித்தான் முதலில் கதை சொல்லும் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒரே சொல்தானா என்பது இன்னும் முடிவாகவில்லை.

மல்லிகா: மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். ஆங்கிலம் ஒரே வினையால் சமாளிப்பதைத் தமிழ் கருவியையும் விளைவையும் பார்த்துப் பிரிக்கும். கோடாலியால் மரத்தை வெட்டுகிறோம், ரம்பத்தால் அறுக்கிறோம். வெங்காயத்தை நறுக்குகிறோம், அரிவாள்மனையில் கீரையை அரிகிறோம், துணியைக் கத்தரிக்கிறோம். சமையல் குறிப்பில் ‘வெங்காயத்தை வெட்டவும்’ என்றால் எவ்வளவு பொடியாக என்பது தெரியாது. ‘பொடியாக நறுக்கவும்’ என்றால் அளவும் சேர்ந்தே வந்துவிடும்.

பெரிய தவறுகள் நடப்பது கத்தியே இல்லாத இடங்களில். குழந்தை பல்லை ‘கட்’ செய்தது என்றால் பல் முளைத்தது. சாராயத்தைத் தண்ணீரால் ‘கட்’ செய்தால் கலந்து நீர்க்கச் செய்வது. தெரிந்தவரை ‘கட்’ செய்தால் பார்த்தும் பாராமல் போவது. விலையை ‘கட்’ செய்தால் குறைப்பது, இன்ஜினை ‘கட்’ செய்தால் அணைப்பது. பாடகர் இசைத்தட்டை ‘கட்’ செய்தார் என்பதில் மட்டும் வெட்டு நிஜமாகவே உண்டு: மூலத்தட்டில் ஊசி பள்ளம் கீறிக்கொண்டே போகும். தமிழில் ‘பதிவு செய்தார்’ போதும். வகுப்புக்குப் போகாமலிருப்பதற்கு நம் மாணவர்களின் ‘கட் அடி’யே பொருத்தம், ஆங்கிலத்திலும் அது 18ஆம் நூற்றாண்டு இறுதியின் கல்லூரிப் பேச்சு.

செந்தில்வேல்: மல்லிகா அக்கா சொன்னதோடு ஒன்று. ‘கட்லரி’, ‘கட்லெட்’ இரண்டையும் இந்த வினையோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். முதலாவது, கத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது. இரண்டாவது, பிரெஞ்சில் ‘சின்ன விலா எலும்பு’. நம்மூர் உருளைக்கிழங்கு கட்லெட்டில் எலும்புமில்லை, வெட்டுமில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது.