நாள் முழுதும் ஓட்டியும் இரண்டாவது பேட்டரி ஏறவில்லை: செடுனாவில் இருக்கிறோம், உதவி தேவை

கேள்வி:
2009ஆம் ஆண்டு மோட்டார்ஹோமில் (வீட்டு வசதிகள் கொண்ட வண்டி) பயணம் செய்யும் நாங்கள், நாளை மறுநாள் தென் ஆஸ்திரேலியாவின் செடுனாவிலிருந்து நல்லார்போர் சமவெளி வழியாக, ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவிலுள்ள நார்ஸ்மனுக்குப் புறப்படுகிறோம். விளக்குகளுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் உரிய இரண்டாவது பேட்டரி, ஐந்து மணி நேரம் ஓட்டிய பிறகும் 12.2 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. வண்டியை நிறுத்தியிருக்கும்போது ஃப்ரிட்ஜ் எரிவாயுவில் நன்றாகக் குளிர்கிறது. ஓடும்போது 12 வோல்ட்டில் குளிர்வதில்லை. கேரவன் பார்க்கில் ஓரிரவு 240 வோல்ட்டில் இணைத்தால் பேட்டரி முழுமையாக ஏறிவிடுகிறது. புதிய பேட்டரி வாங்க வேண்டுமா?

மறுமொழி 1:
எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகத் தானே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் கருவி) இருந்தால் இப்படி நேரும். குறைந்த வோல்ட்டை உயர்த்தி இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் பொருத்திவிடுங்கள்.

மறுமொழி 2:
அது புதிய வண்டிகளுக்குப் பொருந்தும். 2009 வண்டியில் அதற்கு வாய்ப்புக் குறைவு. 240 வோல்ட்டில் ஏறுகிற பேட்டரியை மாற்றுவதும் வீண் செலவு. சார்ஜும் ஃப்ரிட்ஜும் ஒன்றாகப் படுத்திருப்பதால், இரண்டுக்கும் பொதுவான கம்பியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இன்ஜின் ஓடும்போது, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை முதலில் இன்ஜின் பேட்டரியிலும், பிறகு இரண்டாவது பேட்டரியிலும் வையுங்கள். முன்னதில் 14 வோல்ட் அளவில் இருந்து, பின்னதில் 12.2 மட்டுமே இருந்தால், இடையிலுள்ள ஃபியூஸ், ரிலே (இரு பேட்டரிகளையும் இணைக்கும் தானியங்கி சுவிட்ச்), பூமி இணைப்பு (வண்டியின் உடலோடு சேரும் கம்பி) ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பழுது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஃபியூஸ்கூட ஏமாற்றும் என்பதால், அதன் இரு புறமும் தனித்தனியே அளந்து பாருங்கள்.

சரியாகும் வரை ஃப்ரிட்ஜை எரிவாயுவில் ஓட்டலாம் என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன் அதன் சுடரைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் ஆகியவற்றைப் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்பதால் ஃப்ரிட்ஜை நிரப்பவும் வேண்டாம்.

கேட்டவர்:
முன்னே 14.1, பின்னே 12.2. இன்ஜின் பேட்டரிக்கு அருகிலுள்ள ஃபியூஸ் தாங்கியின் ஒரு முனையில் பச்சைக் களிம்பு படிந்து, திருகும் தளர்ந்திருந்தது. இன்ஜினை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிய பின் இரண்டாவது பேட்டரி 13.8 காட்டுகிறது, ஃப்ரிட்ஜும் குளிரத் தொடங்கிவிட்டது. தேன் புட்டியை மட்டும் எல்லைக்கு முன்பே காலி செய்தாக வேண்டும்.

மறுமொழி 2:
நூறு கி.மீ. ஓட்டிய பிறகு அந்த முனையின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; சூடு தெரிந்தால் தாங்கியையே மாற்றிவிடுங்கள்.